வெற்றிலை மெல்லாத வாய்



பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறர் குற்றங்களைக் கேட்கும் பொறுப்புடைய நான், இத்திங்கள் என் குற்றம் ஒன்றை உங்கள்முன் வைக்கிறேன். அது நடந்து சில ஆண்டுகள் ஆயின. யாரிடம் பிழை செய்தேனோ அவரே இதை எழுதுவதற்கு இசைவு தந்தார். “எழுதுங்க சாமி, பேரு மட்டும் போடாதீங்க” என்றார். ஆகவே பெயர் இல்லை, ஊரும் இல்லை. திண்டிவனத்தை அடுத்த ஒரு பங்கு என்பதோடு நிறுத்துகிறேன்.

ஞாயிறு முதல் பூசைக்குப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் எழுபது வயதை நெருங்கிய விதவைத் தாய் ஒருவர் வந்து அமர்வார். மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுவார். அவருடைய வாய் மட்டும் ஓயாமல் மென்றுகொண்டேயிருக்கும். உதடுகள் குவியும், விரியும். நாக்கு உள்ளிருந்து கன்னத்தைத் தள்ளும். சில வேளைகளில் அதன் நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே ஓடும். புதிதாய் அப்பங்கிற்கு வந்திருந்த நான் மூன்று ஞாயிறுகள் பொறுத்தேன். நான்காம் ஞாயிறு மறையுரையின் நடுவே, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, “ஆண்டவருடைய இல்லத்தில் வெற்றிலை மெல்லுகிறவர்கள் வெளியே மென்று முடித்துவிட்டு உள்ளே வரலாம்” என்றேன். பீடச் சிறுவர்கள் சிரித்தார்கள். அத்தாயின் வாய் முன்னிலும் விரைவாக அசையத் தொடங்கியது. அதை நான் பிடிவாதம் என்று எண்ணினேன்.

அதே பூசையில் நற்கருணை வழங்கும்போது, நாவில் நான் வைத்த அப்பத்தை நாக்கு வெளியே தள்ளிவிட்டது. குனிந்து எடுத்து நான் உட்கொண்டேன். அப்போது என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ! அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்து, ஒரு விடியற்காலையில் அவருடைய மகன் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டினார். திண்டிவனத்து விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. தாயை இரண்டு நாள்களாகக் காணவில்லை என்றார். மூன்றாம் நாள், விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடி அருகே, சென்னை நெடுஞ்சாலையின் ஓரத்தில், கால்கள் வெடித்து, யாரோடோ பேசிக்கொண்டு அமர்ந்திருந்த நிலையில் அவரைக் கண்டுபிடித்தோம். இராவில் அந்தச் சாலையில் லாரிகள் எப்படி ஓடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வழியில் மகன் சொன்ன வரலாறு இது. இருபது ஆண்டுகளுக்கு முன் அத்தாய்க்கு மனநோய் கண்டது. காதில் குரல்கள் கேட்டன. சோற்றில் நஞ்சு இருக்கிறதென்று உண்ண மறுத்தார். மாத்திரையும் மாதம் ஒருமுறை போடும் ஊசியும் அவரை மீட்டன. நாற்று நட்டார், பிள்ளைகளுக்கு மணம் முடித்தார், பேரக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார். நாலைந்து ஆண்டுகளாகத்தான் வாய் இப்படி அசைகிறது. அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். மருந்துக் கடையில் ஒருவர், “இது மாத்திரையால் வந்த கோளாறு” என்றார். “நீங்க கோயில்லயே சொல்லிட்டீங்களே சாமி, அந்த அவமானத்துலதான் அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டேன்” என்றார் அந்த மகன். அவர் என்னைக் குறைசொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். இருவார காலத்தில் வாயசைவு இன்னும் மிகுந்ததாம். இரண்டு திங்களில் பழைய குரல்கள் திரும்பிவிட்டனவாம்.

மருந்துக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி உண்மை அத்தாயை நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விட்டது. மறுபாதியையும் சேர்த்துச் சொல்லவே இந்தப் பக்கங்கள்.

புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். நோயின் வேகம் சற்றுத் தணிந்தபின், மருத்துவர் அவரைக் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றில் அமரவைத்து, கைகளை முழங்கால்மேல் வைக்கச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி: “அம்மா, வாயில் ஏதாவது இருக்கிறதா? வெற்றிலை, மிட்டாய்? பல் செட்டு ஏதாவது கட்டியிருக்கிறீர்களா?” நான்கு ஞாயிறுகளாக நான் கேட்காத கேள்வியை அவர் முதல் நிமிடத்திலேயே கேட்டார். “ஒண்ணுமில்ல சாமி” என்று அத்தாய் பழக்கத்தில் மருத்துவரையும் சாமி என்றே அழைத்தார். வாயைத் திறந்து காட்டினார். ஒன்றும் இல்லை. பிறகு நாக்கை நீட்டச் செய்தார், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் செய்தார், நடக்கச் செய்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 1976ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் தேசிய மனநலக் கழகம் வகுத்த சோதனை அது. ஊசியும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை, செலவும் இல்லை.

“இப்படி வாய் அசைவது உங்களுக்குத் தெரிகிறதா?” என்று கேட்டபோது, “எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே, மத்தவங்கதான் சொல்றாங்க” என்றார் அவர். இந்த அசைவு உள்ளவர்களில் பலர் தம் வாய் அசைவதை உணர்வதில்லை என்று மருத்துவர் விளக்கினார். உறங்கும்போது அது நின்றுவிடும். மனத்தை ஒருமுகப்படுத்தினால் சிறிது நேரம் அடக்கவும் முடியும். அச்சமும் பதற்றமும் வந்தால் மிகும். மறையுரை மேடையிலிருந்து நான் எறிந்த சொல்லுக்குப்பின் அந்த வாய் ஏன் விரைந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இதற்கு மருத்துவர்கள் இட்ட பெயர் டார்டிவ் டிஸ்கைனீசியா. குருமடத்தில் கற்ற சிறிதளவு இலத்தீன் இங்கே உதவிற்று. டார்டுஸ் என்றால் பிந்தியது. மருந்து தொடங்கிப் பல திங்கள்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, பிந்தி வரும் தவறான அசைவு என்பது பொருள். பெரும்பாலும் வாய், நாக்கு, தாடை ஆகியவற்றில் தோன்றும். சிலருக்கு விரல்கள் பியானோ வாசிப்பதுபோல் அசையும். சிலருக்கு இடுப்பும் தோளும் நெளியும். முதியோர்க்கும் பெண்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், அதிக அளவில் நெடுநாள் மருந்து உட்கொண்டவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு மிகுதி.

இம்மருந்துகளைப் பழிக்குமுன் அவை வந்த வரலாற்றையும் நாம் அறியவேண்டும். 1950 டிசம்பரில் பிரெஞ்சு வேதியியலார் போல் ஷர்பாந்தியே என்பவர் குளோர்ப்ரோமசின் என்னும் பொருளை ஆக்கினார். 1952இல் பாரிஸ் நகரின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் அதை மனநோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை சங்கிலியும் கட்டிலும் பூட்டிய அறையும் தவிர வேறு கதியற்றிருந்தவர்கள் பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினார்கள். 1958இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் பிறந்தது. மகிழ்ச்சி நிலைத்திருந்த அந்த ஆண்டுகளிலேயே, 1957இல், ஷோனெக்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மருந்து உண்டவர்களின் வாய் தானே அசைவதைக் கண்டு எழுதினார். 1964இல் டென்மார்க்கில் ஃபௌர்பை என்பவரும் அவருடைய தோழர்களும் அதற்கு இப்பெயரை வழங்கினார்கள். மருந்தும் அதன் குறையும் ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தன.

மருந்தில்லாத வாழ்வு எப்படியிருக்கும் என்பதற்கு நாம் பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அது வேறொரு சமயத்தாரின் தலத்தை அடுத்து நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. நம்முடைய அந்தோணியார் தலங்களிலும் தூணில் பிணைத்த மனிதர்களை என் இளமையில் நான் கண்டதுண்டு.

இனி, மனத்துக்குக் கொடுக்கும் மருந்து வாயை ஏன் அசைக்கிறது? மருத்துவர் எனக்குச் சொன்னதை நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். ஓர் ஏரியிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஒன்று எண்ணத்தின் வயலுக்கும் மற்றொன்று அசைவின் வயலுக்கும் பாய்கிறது. அந்த நீருக்கு டோப்பமின் என்று பெயர். எண்ணத்தின் வயலில் வெள்ளம் புகுந்து பயிர் அழுகும்போது, மருந்து மதகை அடைக்கிறது. ஆனால் பழைய மருந்துகளால் ஒரு மதகை மட்டும் அடைக்க முடியவில்லை. அசைவின் வயலும் காய்கிறது. உடல் விறைக்கிறது, நடை குறுகுகிறது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து வெடித்த நிலம், கசிந்து வரும் சிறு நீரையும் வெறியோடு உறிஞ்சுவதுபோல், அந்தப் பகுதி அளவுக்கு மீறிய கூருணர்வு பெற்றுவிடுகிறது. அதுவே இந்தக் கட்டுக்கடங்காத அசைவு எனப் பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். திடீரென்று மதகைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அசைவு கூடும்; எண்ணத்தின் வயலில் வெள்ளமும் திரும்பும். அத்தாய்க்கு நேர்ந்தது இதுதான். மாத்திரையின் அளவைக் கூட்டினால் வாயசைவு சிறிது காலம் அடங்கியதுபோல் தோன்றுவதும் உண்டு. அது குணமன்று, அடியில் மூடிய நெருப்பு.

பிந்தி வரும் அசைவைப்போல முந்தி வரும் அசைவுகளும் உள்ளன. அவற்றைப் பற்றி எழுத இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

விழுப்புரம் பக்கத்துப் பங்கு ஒன்றில் இருந்தபோது, ஓர் இரவு ஒன்பது மணிக்குப் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனைத் தூக்கிவந்தார்கள். கழுத்து இடத்தோளை நோக்கி முறுக்கியிருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன. நாக்கு தடித்துப் பேச்சு குழறிற்று. “பேய் புடிச்சிருக்குது சாமி, தீர்த்தம் தெளிங்க” என்று அவன் தாய் அழுதார். பார்த்தவர் எவரும் அப்படித்தான் எண்ணுவார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எனக்கும் முதுகு சில்லிட்டது. செபித்துத் தீர்த்தம் தெளித்தேன். அதற்குள் சத்தம் கேட்டுக் கன்னியர் மடத்திலிருந்து வந்த செவிலிச் சகோதரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: “இவனுக்கு இந்த வாரம் என்ன ஊசி போட்டீர்கள்?” இரண்டு நாள்களுக்கு முன்தான் மனக்கலக்கத்திற்காக முதல் ஊசி போட்டிருந்தார்கள். உடனே ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஓர் ஊசி போட்டார்கள். அரைமணி நேரத்துக்குள் கழுத்து நேராயிற்று, கண் கீழே இறங்கிற்று.

இதற்கு டிஸ்டோனியா என்று பெயர். மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் வரும். இளைஞர்க்கு மிகுதியாக வரும். பார்ப்பதற்குக் கொடுமை, ஆனால் விரைவில் தீரக்கூடியது. எனினும் தொண்டைத் தசை இறுகினால் மூச்சுக்கே இடையூறு ஆகலாம். ஆகவே விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. வலிப்பில் நினைவு தப்புவதுபோல் இதில் தப்புவதில்லை. அந்த இளைஞன் பிறகு என்னிடம் சொன்னான்: “நீங்க எல்லாரும் பேசினது முழுசும் கேட்டுச்சு ஃபாதர். வாய்தான் வரல.” தன்னைப் பேய் என்று ஊரார் கூவியதை அவன் முழு நினைவோடு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தாயோ இன்றுவரை தீர்த்தத்தையே நம்புகிறார். மருத்துவமனை ஊசிதான் குணமாக்கிற்று என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நான் அடக்கத்தால் மறைக்கிறேன் என்கிறார். செவ்வாய்தோறும் மெழுகுதிரி வந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று, இருப்புக் கொள்ளாமை. அக்கத்தீசியா என்பர், கிரேக்க மொழியில் உட்கார இயலாமை என்பது பொருள். ஆயர் அமரும் இருக்கை உள்ள ஆலயத்தைக் கதீட்ரல் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்று. இந்நிலையில் உள்ளவர் உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் நடப்பார், நின்றால் கால் மாற்றி மாற்றி மிதிப்பார். உள்ளே எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்பார். இதை நோய் முற்றிவிட்டதாக வீட்டார் கருதி, மருந்தைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் முறையிடுவர். கூட்டினால் இன்னும் மிகும். இந்த வேதனை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியவர்களும் உண்டு. ஆதலால் “ஏண்டா குட்டி போட்ட பூனைபோல் சுற்றுகிறாய்?” என்று அதட்டுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சில வாரங்களில் வருவது விறைப்பு. முகம் உணர்ச்சியற்று மரப்பாவைபோல் ஆகும், கை நடுங்கும், எச்சில் ஒழுகும், நடக்கும்போது கை வீசாது. சோம்பேறி என்று மருமகளும் கல்நெஞ்சன் என்று மனைவியும் சொல்லும் மனிதர்களில் சிலர் இவ்வகையினர். இதற்கும் கழுத்து இழுப்புக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் என்னும் மாத்திரை உதவும். நம் வீடுகளில் ‘பேசிடேன்’ என்று சொல்லப்படுவது அதுதான். இங்கேதான் ஒரு சிக்கல். அதே மாத்திரை பிந்தி வரும் வாயசைவை மிகுதியாக்கக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று நாமே வாங்கிக் கொடுத்தல் எவ்வளவு தவறு என்பது இதனால் தெளிவாகும்.

மனநோய் மருந்து உண்ணாத குடும்பங்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோக்ளோர்பெரசின் ஆகியவையும் அதே மதகை அடைப்பவையே. குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் வாந்தி ஊசி போட்ட அன்றே கழுத்து இழுப்பதுண்டு. மெட்டோக்ளோப்ரமைடை மூன்று திங்களுக்குமேல் தொடரலாகாது என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2009இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. நம் முதியோரோ தலைசுற்றல் மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள். இரண்டு நாளுக்கு எழுதிய மருந்து இருபது திங்கள் ஓடுகிறது.

மருந்துதான் எல்லாவற்றுக்கும் காரணமா என்றால், அதுவும் முழு உண்மை அன்று. இதைக் காட்டிய ஆய்வு ஒன்று நம் சென்னையில் நிகழ்ந்தது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 2021 டிசம்பரில் காலமாகும் வரை நோயாளர் நலமே அவருடைய வாழ்வாயிருந்தது. அந்நிறுவனத்து மருத்துவர் தாரா முதலியோரும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் மக்ரீடியும் சேர்ந்து செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. நோயில்லாத முதியோரில் நூற்றுக்கு 15 பேரிடம் இத்தகைய அசைவு காணப்பட்டது. மருந்து உண்ட முதிய நோயாளரில் நூற்றுக்கு 41. வாழ்நாளில் ஒரு மாத்திரையும் உண்ணாத நோயாளரிலோ நூற்றுக்கு 38! மருந்தே உண்ணாத நோயாளரில் 21 பேர்தான் பார்க்கப்பட்டார்கள், சிறிய ஆய்வே. ஆயினும், நோயே தன்னளவில் அசைவைத் தரவல்லது என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. மருந்துகள் பிறப்பதற்கு முன் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் கிரெப்பலினும் தம் நோயாளரிடம் இத்தகைய முகச் சுளிப்புகளைக் கண்டு எழுதியிருக்கிறார்.

ஸ்காட்லாந்து மருத்துவர் ஏன் சென்னை வரை வந்தார் என்று எண்ணிப் பாருங்கள். செல்வ நாடுகளில் நெடுநாள் நோயுற்றும் மருந்தே காணாத முதியவர் அரியவர். நம்மிடையே அவர்களைத் தேடிக் கண்டெடுக்க முடிந்தது. அறிவியல் அவர்களால் பயன் பெற்றது. மூன்று, நான்கு பத்தாண்டுகள் மருந்தின்றிக் கிடந்த அவர்கள் என்ன பெற்றார்கள் என்ற எண்ணம் இதைப் படித்த நாள்முதல் என்னை விடவில்லை.

மருந்துகளும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 2017இல் பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, பழைய வகை மருந்துகள் உண்டோரில் நூற்றுக்கு 30 பேரிடமும், புதிய வகை உண்டோரில் சுமார் 21 பேரிடமும், பழையதைத் தொடாமல் புதியதை மட்டும் உண்டோரில் சுமார் 7 பேரிடமும் பிந்திய அசைவு காணப்பட்டது. அசைவையே குறைக்கும் மருந்துகளும் வந்துள்ளன. டெட்ராபெனசின் நம் நாட்டிலும் கிடைக்கிறது. அதற்கும் குறைகள் உண்டு, மனச்சோர்வு தரக்கூடும். ஆகவே கண்காணிப்போடுதான் கொடுப்பார்கள். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் தீர்வு எளிது. ஆண்டுகள் கடந்தபின் ஓரளவே குறையும், சிலருக்கு நிலைத்தும்விடும். அதனால்தான் ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும் நான் மேலே சொன்ன நாற்காலிச் சோதனையைச் செய்யும்படி மருத்துவரை நீங்களே கேட்கவேண்டும். கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அவராகவே செய்வார் என்று காத்திருப்பதில் பயனில்லை. வாய் அசைவதை வீட்டில் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருத்துவர்முன் அடங்கி அமர்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அது தென்படாமல் போகலாம்.

கேட்பது நம் உரிமையும் ஆகும். 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், கொடுக்கும் மருத்துவத்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகளை நோயாளருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும் என்கிறது. அத்தாய்க்கும் மகனுக்கும் இருபது ஆண்டுகளில் ஒருவரும் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை, கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. திண்டிவனத்தார்க்குப் புதுச்சேரிச் சாலையில் கோரிமேட்டு ஜிப்மர் அருகில் இருக்கிறது. விழுப்புரத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செல்லவே இயலாத நிலையில் 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

அத்தாயின் கதையை முடிக்கவேண்டும். பழைய மருந்தை மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து, வேறொன்றைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். பேசிடேனைக் குறைத்தார். நான்கு திங்களில் குரல்கள் அடங்கின. வாயசைவு அடங்க ஓராண்டுக்குமேல் ஆயிற்று. அடங்கியது என்றா சொன்னேன்? பாதியாயிற்று, மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

நான் அவர் வீட்டுக்குச் சென்று திண்ணையில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க என்னத்த கண்டீங்க சாமி, பாக்குறவங்களுக்கு அப்படித்தானே தோணும்” என்றார். அவர் மீண்டும் கோயிலுக்கு வருவதற்குமுன் ஒரு ஞாயிறு, எந்த மேடையிலிருந்து அந்தச் சொல்லைச் சொன்னேனோ அதே மேடையிலிருந்து, பெயர் சொல்லாமல், நான் தவறாகப் பேசினேன் என்பதையும் இந்நோயைப் பற்றியும் மக்களுக்கு எடுத்துரைத்தேன். இம்முறை பீடச் சிறுவர்கள் சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் இருவர் தனித்தனியே பின்வாயில் வழியாக வந்தார்கள். இருவர் வீட்டிலும் மாத ஊசி. ஒருவர் வீட்டில் வாயசைவு. இரண்டு குடும்பங்களும் பல ஆண்டுகளாக அதே கோயிலில், ஒருவரை ஒருவர் அறியாமல் முழந்தாளிட்டிருந்தன.

நற்கருணையின்போது அப்பத்தின் சிறு துண்டை மட்டும் நாவின் உட்புறத்தில் வைத்து, உடனே ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கச் செய்தேன். இந்நோயில் விழுங்குவதும் சிலருக்குக் கடினம், புரை ஏறும். வீட்டிலும் இவர்களுக்கு உணவை மென்மையாக்கி, நேராக அமரவைத்து, அவசரப்படுத்தாமல் கொடுப்பது நல்லது. குருக்கள் எவரேனும் இதைப் படித்தால், வரிசையில் கடைசியாக அவரை வரச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். முதலில் வரட்டும்.

வேறு பங்குக்கு மாற்றலாகி நான் புறப்பட்ட ஞாயிறு, கோயில் வாசலில் அவர் காத்திருந்தார். “தோத்திரம் சாமி” என்று கை கூப்பிவிட்டு, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே மடித்த வெற்றிலை. வாழ்நாளில் ஒருமுறையும் போடாதவர்.

“இது எப்போதிருந்து?” என்றேன்.

“பேருதான் வாங்கியாச்சே சாமி, போட்டாத்தான் என்னன்னு தோணுச்சு. பாக்கு வேணாம், இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அது வெறப்ப கூட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொகையிலயும் இல்ல. வெறும் வெத்தலதான்” என்று சொல்லி, எனக்கும் ஒன்றை நீட்டினார்.